பீஷியாவின் ஐந்தும் ஏழும்

பீஷியாவைப் பற்றி இன்றைக்கு வாய் கிழியப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் அவள் வீட்டு வாசலில் போனை நீட்டிக்கொண்டு நின்றவர்கள்தான். படம் போகவில்லை, எழுத்து சின்னதாகிவிட்டது, பேத்தி அனுப்பிய பாட்டைக் காணவில்லை. அவளும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக் கொடுப்பாள். யாரிடமும் காலணா வாங்கியதில்லை. ஊருக்கு உழைத்தால் கடைசியில் என்ன கிடைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அவள் விஷயத்தில் எனக்கு இப்படிப் பேச வாய் கிடையாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தைவானில் புதாய் துறைக்குத் தெற்கே, சிப்பி ஓடு மலைமாதிரி குவிந்து கிடக்கும் எங்கள் ஊரில், கடலுக்குப் போகிறவர்களைக் காக்கும் சாமியான வாங்யேவின் கோயில் ஆபீசில் இருபத்திரண்டு வருடமாகப் பெயர் பதிகிறவள் நான். பெயர் லீச்சூ. விளக்குப் போட வருகிறவர்களின் பேர், பிறந்த தேதி, பிறந்த நாழிகை, வீட்டு விலாசம், போன் நம்பர், இவ்வளவையும் கேட்டு எழுதுவேன். வருடப் பிறப்புக்கு முன்னால், அரிசி உருண்டை தின்னும் குளிர்நாளில் பதிவு தொடங்கும். ஒருவருக்கு ஒரு குட்டி விளக்கு. அது சுவரில் வருடம் முழுக்க எரியும். எட்டாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப்பேர் தைபேயிலும் காவ்ஷியோங்கிலும் இருக்கிறவர்கள், மீதிப்பேர் கடலில் இருக்கிறவர்கள்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் இந்தப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தவள் பீஷியா. தைபேயில் ஒரு கம்பெனியில் வெப்சைட் செய்துகொண்டிருந்தவள், எங்கள் ஊர் ஷுன்ஹோவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். அவன் கடலில் சிப்பி வளர்க்கும் தெப்பம் வைத்திருக்கிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர்கள் வீட்டு முன்னறையில், முன்பு சிப்பிக் கயிறு சுற்றி வைக்கும் இடத்தில், அவள் ஒரு சர்வரை வைத்தாள். முதல் தடவை பார்த்தபோது, இதற்காகவா இவ்வளவு அலட்டல், அரிசிப் பெட்டி மாதிரி இருக்கிறதே என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அந்த ஒரு பெட்டியில் இருபத்துமூன்று பேருடைய வெப்சைட் ஓடியது. ஐஸ் ஆலை, சிப்பி மொத்த வியாபாரி, பள்ளிக்கூடம், சிறுநீரகம் சுத்தம் செய்யும் கிளினிக், எங்கள் கோயில்.

எங்கள் பக்கம் பிஎச்பி என்ற மொழியில் எழுதியது. அந்த மொழியின் ஐந்தாம் பதிப்பில். நான் படித்தவள் இல்லை, அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னதைத்தான் சொல்கிறேன். ஐந்து போய் ஏழு வந்தது. நடுவில் ஆறு எங்கே போனது என்று கேட்டேன், அது பிறக்காமலே போய்விட்டது என்றாள். ஏழுக்கு ஐந்தின் பழைய கட்டளைகள் பாதி தெரியாது. ஐந்தில் எழுதியதை ஏழிடம் கொடுத்தால் வெள்ளைத் திரை காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஐஸ் ஆலைக்கும் கிளினிக்குக்கும் ஏழுதான் வேண்டும், இல்லையென்றால் கார்டில் பணம் வாங்கவிடமாட்டோம் என்று அவர்களுடைய பேங்க் சொல்லிவிட்டது. அதனால் கோயில் பக்கத்தையும் ஏழில் புதிதாக எழுத வேண்டும்.

யாரும் கேட்காமலே நாலு மாதம் உட்கார்ந்து எழுதினாள். கோயில் கமிட்டியைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. தலைவர் கோங் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ஏட்டுக்குச் சொந்தக்காரங்க நாம இல்லம்மா. அவர்கிட்ட கேக்கணும்" என்றார்.

கேட்பது என்றால் எங்கள் ஊரில் கட்டை போடுவது. பிறை மாதிரி இரண்டு மரக்கட்டை, ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைவு. கேள்வியைச் சொல்லிக் கீழே போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று வளைவுமாக விழுந்தால் சாமி சம்மதம். இரண்டும் வளைவு மேலே இருந்தால் வேண்டாம். இரண்டும் தட்டை மேலே இருந்தால் சாமி சிரிக்கிறார், அதாவது கேள்வியே சரியில்லை என்று அர்த்தம். பெரிய விஷயத்துக்கு மூன்று தடவை தொடர்ந்து சம்மதம் விழவேண்டும், வருடத்துக்கு ஒரு தரம்தான் கேட்கலாம். கூரை ஓடு மாற்றியதும் டெலிபோன் மாற்றியதும் இப்படிக் கேட்டுத்தான்.

அந்த வருடம் தலைவர் கோங் எல்லோர் முன்னாலும் போட்டார். முதல் தடவையே வேண்டாம். இரண்டு வளைந்த முதுகும் மேலே. நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன், அதில் ஒரு சூதும் இல்லை.

பீஷியா என்ன செய்வாள்? கோயிலை விடமுடியாது. விட்டால் மீதி இருபத்திரண்டு பேரும் மறுநாளே கழன்றுகொள்வார்கள், எல்லோருடைய விளக்கும் அங்கேதானே எரிகிறது. அதைவிட, அவளே வாங்யேவை நம்புகிறவள். புருஷன் கடலுக்குப் போகிற வீட்டில் நம்பாமல் இருக்க முடியாது. அதனால் ஒரே சர்வரில் ஐந்தையும் ஏழையும் சேர்த்து ஓட்டினாள். வாசல் ஒன்றுதான். கோயில் பக்கம் கேட்டு வருகிறவர்களை ஐந்திடம் அனுப்பும், மற்றவர்களை ஏழிடம் அனுப்பும். ஒரு வீட்டில் மாமியாருக்கும் மருமகளுக்கும் இரண்டு அடுப்பு வைத்த மாதிரி.

முதல் வருடமே ஒரு கூத்து நடந்தது. பதிந்தவர்களுக்குத் தினமும் விடியற்காலையில் ரசீது தானாகத் தயாராகும். அந்த வேலைக்கு ஐந்தைக் கூப்பிடு என்று குறித்துவைக்க பீஷியா மறந்துவிட்டாள். பெட்டி தன் இஷ்டத்துக்கு ஏழைக் கூப்பிட்டது. ஏழு ஒன்றும் புரியாமல் முந்நூற்று நாற்பது ரசீதை அச்சடித்துத் தள்ளியது, கோயில் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, பேர் இருக்கவேண்டிய இடம் மட்டும் காலி. நானும் பார்க்காமல் உறையில் போட்டு அனுப்பித் தொலைத்தேன். ஊர் கொந்தளித்தது. சாமி என் பேரை அழித்துவிட்டார் என்று ஒரு பெண்பிள்ளை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதாள். அவள் கர்ப்பமாக இருந்தாள் வேறு.

பீஷியா ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து புது ரசீதைப் பிடித்துக்கொண்டேன். மூன்று நாள், வீடு வீடாக. ஒவ்வொரு வாசலிலும் அவள் இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பாதித் தப்பு என்னுடையது, நான் ஏன் உறையில் போடும்முன் பார்க்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் எனக்குச் சிப்பி ரோல் வாங்கிக் கொடுத்து, முதுகு வலிக்கிறதா அக்கா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சாதாரணமாக எனக்கு மனிதர்களைப் பிடிக்காது.

இரண்டாவது வருடம் நிலைமை கெட்டது. ஐந்தைச் செய்தவர்கள் அதைக் கைவிடப்போகிறார்கள் என்றாள் பீஷியா. இதுவரை அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அவர்கள் அடைத்துக் கொடுத்தார்கள். அந்த டிசம்பருக்குப் பிறகு ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். ஏழு பத்திரமாக இருந்தாலும் ஐந்தின் வழியாக யாராவது உள்ளே வந்தால் ஏடு முழுக்கப் போய்விடும். கமிட்டியில் எழுந்து நின்று கையைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"பாஸ்வேர்டு திருடு போனா மாத்திக்கலாம். பிறந்த நாழிகைய எப்படி மாத்துறது? எட்டாயிரம் பேரோட நாழிகை என் வீட்டுல இருக்குங்க. எனக்குப் பயமா இருக்கு."

நாழிகையை மட்டுமாவது ஏட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டாள். ஊரில் இருபது லின் குடும்பம் இருக்கிறது, நாழிகை இல்லாமல் எந்த லின் என்று வாங்யேவுக்கு எப்படித் தெரியும் என்றார் தலைவர். தன் கைக்காசில் இன்னொரு சர்வர் வாங்கிக் கோயிலை மட்டும் தனியாக வைக்கிறேன் என்றாள். அது ஏட்டை இடம் மாற்றுவது, அதற்கும் கேட்க வேண்டும் என்றார்கள். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டார்கள். முதல் தடவை சம்மதம். இரண்டாவது சம்மதம். மூன்றாவது தடவை கட்டை உருண்டு, ஒன்று கம்பளத்தில் தட்டி, இரண்டும் தட்டை மேலே வந்தது. சாமி சிரித்துவிட்டார்.

அன்று முதல் அவள் அந்த ஐந்துக்குக் காவல் நாயாகிவிட்டாள். பெட்டிக்குள் அதற்குத் தனி அறை கட்டிப் பூட்டு மேல் பூட்டு போட்டாள். ஏழுக்காகப் பெட்டியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் ஐந்து படுத்துக்கொள்ளும், அதைத் தன் கையால் மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். அதற்குத் தேவையான பழைய பாகங்கள் இப்போது யாரிடமும் இல்லை, அதையும் தேடிப்பிடித்து வைத்துக்கொண்டாள். ஆனால் எத்தனை பூட்டுப் போட்டாலும் பதிவு செய்ய வருகிறவர்களுக்காக ஒரு கதவைத் திறந்துதானே வைக்க வேண்டும், அந்தக் கதவேதான் உளுத்துப்போனது அக்கா என்பாள். ஷுன்ஹோ தினமும் காலையில் தெப்பத்திலிருந்து வந்ததும், பெட்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்பானாம். பத்து வார்த்தையில் நாலு அதற்கே போனது.

மூன்றாவது வருடம் வந்தது. அதைச் சொல்லத்தான் கை வரவில்லை.

கட்டை போடும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால், பழகிக்கொள்ளட்டும் என்று பீஷியா தன் புதுப் பக்கத்தை எனக்குக் காட்டினாள். போனிலேயே எல்லோரும் தாங்களே பதிந்துகொள்ளலாம். பேர், நாழிகை, விலாசம், ரசீது, எல்லாம் அங்கேயே. "இனிமே உங்களுக்கு வேலையே இல்லக்கா. உக்காந்து டீ குடிக்கலாம்" என்றாள். என் நல்லதுக்குத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்ற தலைவரின் மருமகள், அப்புறம் சம்பளம் கொடுத்து ஒரு ஆள் எதற்கு என்று கேட்டுவிட்டுப் போனாள். அவளும் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எனக்கு வயது அறுபத்தொன்று. புருஷன் போய்ப் பதினொரு வருடம். மகன் தாவ்யுவானில் இருக்கிறான், பண்டிகைக்குப் போன் பண்ணுவான், சில பண்டிகைக்கு மறந்துவிடுவான். காலையில் ஏழு மணிக்கு அந்த ஆபீஸ் ஸ்டூலில் உட்கார்ந்தால்தான் நான் ஒரு மனுஷி. அது இல்லாவிட்டால் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வருடம் தலைவர் கோங்குக்கு ஜியாயி நகரத்தில் கண் ஆபரேஷன். குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் பண்ணி, நீயே கேட்டுச் சொல்லிவிடு லீச்சூ என்றார். இருபத்திரண்டு வருடம் ஏட்டைத் தொட்ட கை, பொய் வராது என்றும் சொன்னார்.

மத்தியானம் மூன்று மணி. பெருக்குகிறவள் போய்விட்டாள். கோயிலில் நான் மட்டும். ஊதுபத்தி ஏற்றிக் கேள்வியைச் சரியாகச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. கட்டையைப் போட்டேன். சம்மதம். மறுபடி போட்டேன். சம்மதம். மூன்றாவது தடவை சிரித்துவிடு, சிரித்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போட்டேன். ஒன்று தட்டை, ஒன்று வளைவு. தெளிவாக, ஆடாமல், என் கால்பக்கம் விழுந்து கிடந்தது.

கட்டையை எடுத்து, துடைத்து, தட்டில் வைத்துவிட்டு, தலைவருக்குப் போன் பண்ணினேன். "சிரிச்சுட்டாருங்க" என்றேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

பீஷியாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவள் முகம் ஒரு நிமிடம் தொங்கியது. பிறகு கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினாள். சரி, அவருக்குத் தெரியாததா என்றாள். திரும்பி உட்கார்ந்து ஐந்தின் கதவில் இன்னொரு தாழ்ப்பாள் போடத் தொடங்கினாள். அவளுக்கு என்மேல் ஒரு துளி சந்தேகம் வந்திருந்தால்கூட நான் அந்த இடத்திலேயே கொட்டியிருப்பேன். வரவில்லை. அடுத்த வருடம் கேட்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டால் போகிறது, ஒரு வருடத்தில் என்ன குடி முழுகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

குடிதான் முழுகியது. ஏப்ரலில் ஒருநாள் காலை சுய்லியென் சின்னம்மா ஆபீசுக்கு வந்தார். சிப்பி உடைக்கிறவர், எழுபது வயது. ஒரே மகன் தூர தேசத்துக் கடலில் சூரைமீன் கப்பலில் இருக்கிறான். கையில் ஒரு பை கொய்யாப்பழம். எனக்கு என்று மேசையில் வைத்தார். எதற்கு என்றேன்.

"நீ போன் பண்ணிச் சொன்னதுக்குத்தான். என் புள்ள விளக்கு அணைஞ்சு போச்சுன்னு. பூசைக்குப் பணம் போட்டுட்டேன், எல்லாத்தையும் போட்டுட்டேன். இனி ஒண்ணும் ஆகாதுல்ல?"

நான் போன் பண்ணவில்லை சின்னம்மா என்றேன். அவர் நம்பவில்லை. பேசியது ஒரு ஆம்பளை, ஆனால் ஆபீசிலிருந்துதான் பேசினான் என்றார். மகன் பேர் சொன்னான், தேதி சொன்னான், புலி நாழிகையில், அதாவது விடியற்காலை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில், பிறந்தவன் என்றும் சொன்னான். "புலி நாழிகைனு எனக்குத் தெரியும், பிரசவம் பார்த்தவளுக்குத் தெரியும், அவ செத்துட்டா. அப்புறம் வாங்யேவுக்குத்தான் தெரியும். வேற யாரு சொல்ல முடியும்?" என்று என்னையே கேட்டார்.

மகன் கப்பலிலிருந்து ஆறு வருடமாக அனுப்பியது அத்தனையும் போயிருந்தது. சின்னம்மாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்தேன். அவர் மகன் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த வாரத்திலேயே இன்னும் பதினாலு பேருக்குப் போன் வந்தது தெரிந்தது. பீஷியா பெட்டியைக் குடைந்து பார்த்துக் கண்டுபிடித்தாள். குடும்பப் போட்டோ ஏற்றுவதற்காகக் கோயில் பக்கத்தில் வைத்திருந்த சின்ன வழியில், ஐந்தின் ஓட்டை ஒன்றைப் பிடித்து, பதினோரு நாளைக்கு முன்னாலேயே யாரோ உள்ளே வந்துவிட்டார்கள். ஏடு முழுவதையும் நகல் எடுத்துவிட்டார்கள். அதோடு நிற்காமல் ஐஸ் ஆலை பக்கத்திலும் கிளினிக் பக்கத்திலும் சூதாட்ட விளம்பரத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நான் அங்கே போனபோது அவள் சர்வரின் ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். ஷுன்ஹோ பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். வாசலிலிருந்தே திரும்பி வந்தேன்.

போலீசில் எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கமிட்டி கூடியது. புதுசு வேண்டாம் என்றுதான் வாங்யே சொன்னாரே தவிர, பூட்ட வேண்டாம் என்றா சொன்னார், பூட்டுவது யார் வேலை என்று கேட்டார் தலைவர் கோங். எல்லாத் தலையும் ஆடியது. இரண்டு வருடமாக அவள் எழுந்து நின்று கெஞ்சியதைக் கேட்ட அதே தலைகள். நான் மூலையில் உட்கார்ந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான், அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. எழுந்திருக்கவில்லை. தலைவர் சொன்னதை அப்படியே எழுதினேன், என் கையெழுத்து நல்ல கையெழுத்து.

பீஷியா மூன்று தடவை குனிந்தாள். மறுபடி வீடு வீடாகப் போனாள், இந்தத் தடவை தனியாக. ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரை அவள் காலடியில் ஊற்றினார்களாம். மாதம் முடிவதற்குள் இருபத்திரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஷுன்ஹோவின் தெப்பத்தில் பாதியை விற்று சுய்லியென் சின்னம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கொடு என்று யாரும் சொல்லவில்லை. பீஷியா சிப்பி உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். அதே சின்னம்மாவுக்குப் பக்கத்துப் பலகை.

நான் ஏழு மாதம் அந்தக் கொட்டகைப் பக்கமே போகவில்லை. ஆபீசில் மறுபடியும் நோட்டில் எழுதுகிறோம், என் ஸ்டூல் பத்திரமாக இருக்கிறது. கமிட்டியில் இப்போது பேச்சு மாறிவிட்டது. வெளியூர்க்காரர்கள் விளக்குப் போட வழியில்லை என்று சத்தம் போடுகிறார்கள், புது வெப்சைட் வைக்கலாமா என்று இந்தக் குளிர்நாளுக்கு முன்னால் கேட்டுவிடலாம் என்கிறார்கள்.

நேற்று முடிவுக்கு வந்தேன். சொல்லிவிட வேண்டும். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். மத்தியானம் கொட்டகைக்குப் போனேன். பூப்போட்ட துணியால் தலையையும் வாயையும் மூடிக்கொண்டு பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கண்ணை வைத்துத்தான் பீஷியாவை அடையாளம் கண்டேன். கையுறைக்கு மேலே மணிக்கட்டில் ஓடு கிழித்த கோடுகள். என்னைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு உட்காரக் கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். அவள் முந்திக்கொண்டாள். என் மேல் கோபமா அக்கா, ஏழு மாசமா எட்டிப் பார்க்கலையே என்று கேட்டாள். உங்கள் ஏட்டை நான் காப்பாற்றிக் கொடுக்கவில்லை, உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் நானும் வரவில்லை என்றாள். கோபம் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் வாய்த்துணியைக் கீழே இறக்கிக்கொண்டாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

"ஆரம்பத்துல தூக்கமே இல்லக்கா. இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாமோன்னு. அப்புறம் யோசிச்சேன், யார்கிட்ட சண்டை போடுறது? வேணாம்னு மனுஷங்க சொல்லியிருந்தா விட்டிருக்க மாட்டேன், கமிட்டி வாசல்லயே படுத்திருப்பேன். சொன்னது அவர். ஏதோ கணக்கு வெச்சுத்தான் சொல்லியிருப்பார். அத நெனச்சுக்கிட்டாத்தான் தூக்கம் வருது."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் எனக்குப் பாரம் இறங்கும். அவளுக்கு மிச்சம் இருப்பது அந்தத் தூக்கம் ஒன்றுதான், அதையும் நான் பிடுங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாவிட்டால் வாங்யே மேல் என் பழி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் திருடிதான். இருதலைக்கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. பக்கத்துப் பலகையில் சுய்லியென் சின்னம்மா தலை நிமிராமல் சிப்பியை உடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் கிளம்ப எழுந்தேன். பீஷியா குழாயடி வரை கூட வந்தாள். கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்தாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

"கோயிலுக்குப் புதுசா எழுதிக் கொடுக்கணும்னு ஆசையா இருக்குக்கா. காசு வேணாம். என்னைய விடலாமான்னு அவர்கிட்டதான் கேக்கணும். தலைவர் போட வேணாம், நீங்க போடுங்க. உங்க கையில விழுந்தா நான் நம்புவேன், அது எதுவா இருந்தாலும்."

கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்குக் காலையில் கேட்க வேண்டும்.